‘ருஸ்தம்’ படமும் நானாவதி வழக்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2016 ஆகஸ்ட் 12 அன்று வெளிவந்த இந்திப் படம் ‘ருஸ்தம்’. டினு சுரேஷ் தேசாய் இயக்கி, விபுல் கே. ராவல் எழுதியது. அக்‌ஷய் குமாரும் இலியானா டிக்ரூஸும் கணவன் மனைவியாக நடித்தார்கள். மனைவியின் காதலனைக் கடற்படை அதிகாரி ஒருவர் சுட்டுக் கொன்ற 1959-ஆம் ஆண்டு பம்பாய் வழக்கு இதற்கு மூலம். படம் பார்த்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில்கள். கதை முடிவும் பேசப்படுகிறது. படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிக்கலாம்.

படத்தில் வருவதெல்லாம் உண்மையில் நடந்ததா?

துப்பாக்கி வெடிக்கும் வரை ஓரளவுக்கு உண்மை. அதற்குப் பிறகு வருவதில் பெரும்பகுதி கற்பனை. கப்பலிலிருந்து வீடு திரும்பும் அதிகாரி, அவர் இல்லாதபோது மனைவிக்கு ஏற்பட்ட உறவு, காதல் கடிதங்கள், கப்பலில் வாங்கிய துப்பாக்கி, காதலனின் படுக்கையறை, தானாகவே போய்ச் சரணடைவது, ஜூரி (தீர்ப்புச் சொல்ல அமர்த்தப்படும் பொதுமக்கள் குழு) ‘குற்றவாளி இல்லை’ என்பது, ஒரு வாரப் பத்திரிகை ஊரையே அவர் பக்கம் திருப்புவது ஆகியவை வழக்கிலிருந்து எடுத்தவை. கடற்படை ஊழல், ரகசிய ஆவணம், டில்லிக்குப் போகும் தொலைபேசி மிரட்டல் எதுவும் வழக்கில் இல்லை. ஜூரி தீர்ப்போடு படம் முடிகிறது. உண்மை வழக்கில் அது பாதி வழிதான்.

1959 ஏப்ரல் 27 அன்று நடந்தது என்ன?

கமாண்டர் கவாஸ் மானெக்‌ஷா நானாவதி ஐ.என்.எஸ். மைசூர் போர்க்கப்பலில் இரண்டாம் நிலைப் பொறுப்பில் இருந்த பார்சி அதிகாரி. இங்கிலாந்தில் பிறந்த சில்வியாவை 1949-இல் போர்ட்ஸ்மவுத்தில் பதிவுத் திருமணம் செய்துகொண்டவர். மூன்று குழந்தைகள். கணவர் மாதக்கணக்கில் கடலில் இருந்த நாட்களில், நண்பர்கள் மூலம் அறிமுகமான கார் வியாபாரி பிரேம் பகவான்தாஸ் அகுஜாவோடு சில்வியாவுக்கு நெருக்கம் ஏற்பட்டது.

ஏப்ரல் 18 அன்று நானாவதி ஊர் திரும்பினார். மனைவி முன்போல் இல்லை. 27-ஆம் தேதி மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, எனக்கு உண்மையாக இருந்தாயா என்று கேட்டார். சில்வியா வாய் திறக்கவில்லை. இல்லை என்று தலையை மட்டும் அசைத்தார். ஆள் அகுஜாதான் என்று நானாவதி ஊகித்துக்கொண்டார். அவன் உன்னை மணந்துகொள்வானா, குழந்தைகளைப் பார்த்துக்கொள்வானா என்ற கேள்விக்குத் தெளிவான பதில் வரவில்லை. அவனிடமே கேட்டுவிடுகிறேன் என்று அவர் கிளம்ப, போகாதீர்கள், அவர் உங்களைச் சுட்டுவிடலாம் என்று சில்வியா கெஞ்சினார்.

அடுத்து நடந்ததைக் கவனியுங்கள். மனைவியையும் இரண்டு குழந்தைகளையும் பக்கத்து வீட்டுக் குழந்தை ஒன்றையும் காரில் ஏற்றி, மெட்ரோ தியேட்டரில் மதியக் காட்சிக்கு இறக்கிவிட்டார். 6 மணிக்குப் படம் விட்டதும் வந்து அழைத்துப்போவதாகச் சொன்னார். ஓடிக்கொண்டிருந்தது ‘டாம் தம்ப்’ என்ற குழந்தைகள் படம். அங்கிருந்து கப்பலுக்குப் போனார். இரவில் தனியாக அகமத்நகர் வரை காரோட்டிப் போக வேண்டியிருக்கிறது என்று சொல்லி ஒரு ரிவால்வரும் 6 தோட்டாக்களும் வாங்கி, பழுப்பு நிற உறையில் போட்டுக்கொண்டார். அகுஜாவின் அலுவலகத்துக்குப் போனார்; ஆள் இல்லை. வீட்டுக்குப் போனார். வேலைக்காரர் கதவைத் திறந்தார். நானாவதி நேரே படுக்கையறைக்குள் நுழைந்து கதவைச் சாத்தினார். சில நொடிகளில் வெடிச்சத்தம். அப்போது மணி சுமார் 4.20.

அங்கிருந்து கடற்படைக் காவல் அதிகாரியிடம் போய் நடந்ததைச் சொல்லிவிட்டு, குற்றப் பிரிவுத் துணை ஆணையர் ஜான் லோபோவிடம் சரணடைந்தார். படத்தில் பவன் மல்ஹோத்ரா நடித்த வின்சென்ட் லோபோவுக்கு அந்தக் குடும்பப் பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

யார் யார் எந்தப் பாத்திரம்?

நானாவதி ருஸ்தம் பாவ்ரி ஆனார். சில்வியா சிந்தியா ஆனார். அகுஜா விக்ரம் மகீஜா ஆனார் (அர்ஜன் பாஜ்வா). அகுஜாவின் சகோதரி மேமி படத்தில் ப்ரீத்தி மகீஜா (ஈஷா குப்தா). ‘பிளிட்ஸ்’ வார ஏட்டின் ஆசிரியர் ஆர்.கே. கரஞ்சியாவின் சாயலில் குமுத் மிஸ்ரா நடித்த எரச் பிலிமோரியா வருகிறார். கப்பலின் பெயர் மட்டும் மாறவில்லை. அது பிரிட்டனின் ‘நைஜீரியா’ என்ற போர்க்கப்பலாக இருந்து, இந்தியா வாங்கி 1957-இல் ‘மைசூர்’ என்று பெயர் சூட்டியது.

படம் செய்த மிகப் பெரிய மாற்றம் எது?

ஊழல் கதை என்றுதான் பலரும் சொல்வார்கள். விமானந்தாங்கிக் கப்பல் பேரத்தில் நடக்கும் மோசடிக்கு ருஸ்தம் உடன்படவில்லை, அதற்குப் பழிவாங்க விக்ரம் அவன் மனைவியை வளைக்கிறான் என்று படம் சொல்கிறது. ‘விக்ராந்த்’ ஆகப்போகும் கப்பலை இந்தியா 1957-இல் வாங்கி 1961-இல் படையில் சேர்த்தது உண்மை. அதற்கும் இந்தக் கொலைக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இந்தச் சேர்க்கையால் கணவன் தேசபக்தன் ஆகிறான், காதலன் சதிகாரன் ஆகிறான், மனைவி சதியில் சிக்கிய அப்பாவி ஆகிறாள். மூன்று மனிதர்களுக்கு இடையே இருந்த சிக்கல் கரைந்துபோகிறது.

அதைவிட நமக்கு உறுத்துவது வேறொன்று. படத்தில் குழந்தைகள் இல்லை. உண்மையில் மூத்தவனுக்கு ஒன்பதரை வயது, கடைக்குட்டிக்கு மூன்று. “குழந்தைகளைப் பார்த்துக்கொள்வாயா” என்ற கேள்விதான் நானாவதியை அகுஜாவின் வீடு வரை கொண்டுபோனது. குழந்தைகளை எடுத்துவிட்டால் அந்தக் கேள்வி போகிறது, மெட்ரோ தியேட்டர் போகிறது, மதியச் சாப்பாட்டுக்கும் துப்பாக்கிச் சத்தத்துக்கும் இடைப்பட்ட அந்த மூன்று மணி நேரமும் போகிறது. வழக்கு முழுக்க அந்த மூன்று மணி நேரத்தைப் பற்றியதுதான்.

மூன்று மணி நேரத்துக்கு அப்படி என்ன முக்கியம்?

இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 300-ஆவது பிரிவில் ஒரு விதிவிலக்கு இருந்தது. கடுமையான, திடீரென்ற தூண்டுதலால் தன்னிலை இழந்து ஒருவர் கொன்றுவிட்டால் அது கொலை ஆகாது. கொலையாகாத மரணம் விளைவித்தல் என்ற குறைந்த குற்றமே ஆகும். தூண்டுதல் கடுமையானது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அது ‘திடீர்’ தானா என்பதுதான் கேள்வி.

1961 நவம்பர் 24 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பை எழுதியவர் நீதிபதி கே. சுப்பா ராவ். அவர் வகுத்த அளவுகோல் இது: அதே சமூகத்தில், அதே நிலையில் வாழும் நிதானமான ஒரு மனிதர் அந்தச் சூழலில் கட்டுப்பாட்டை இழப்பாரா? இந்தியாவில் சொல்லும் சைகையும்கூடத் தூண்டுதல் ஆகலாம். முன்பு நடந்தவை மனதில் எழுப்பிய பின்னணியையும் கணக்கில் எடுக்கலாம். ஆனால் கொன்ற அடி அந்த ஆத்திரத்திலிருந்தே புறப்பட்டிருக்க வேண்டும்; ஆத்திரம் ஆறி, திட்டமிட இடம் கிடைத்த பிறகு விழுந்த அடியாக இருக்கக் கூடாது.

நானாவதி வீட்டைவிட்டுக் கிளம்பியது 1.30-க்கு. சுட்டது 4.20-க்கு. இடையில் குடும்பத்தைத் தியேட்டரில் விட்டார், கப்பலுக்குப் போனார், பொய்க் காரணம் சொல்லி ஆயுதம் வாங்கினார், அலுவலகத்தில் தேடினார், பிறகு வீட்டுக்குப் போனார். ஒவ்வொன்றும் நிதானமாக யோசித்துச் செய்யும் காரியம். மனைவியின், குழந்தைகளின் வருங்காலம் பற்றிக்கூட அவர் யோசித்திருக்கிறார். ஆகவே தன்னிலைக்குத் திரும்பப் போதிய நேரம் இருந்தது என்று நீதிமன்றம் முடிவு செய்தது.

அப்படியானால் சில மணி நேரம் கடந்தாலே இந்த வாதம் செல்லாதா?

அப்படி இல்லை. அதே தீர்ப்பு சென்னை உயர் நீதிமன்றத்தின் பழைய வழக்கு ஒன்றை எடுத்துப் பேசுகிறது: போயா முனிகாடு வழக்கு, இந்தியச் சட்ட அறிக்கைகளின் மூன்றாம் சென்னைத் தொகுதி, பக்கம் 33. தன் மனைவி தன் பரம எதிரியோடு இருப்பதை ஒருவர் பார்க்கிறார். அன்று இரவு அவர் சாப்பிடவில்லை. மறுநாள் காலை கூலி வாங்க விவசாயிகளிடம் போகிறார். அங்கே தன் மனைவி அதே ஆளோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பது கண்ணில் படுகிறது. வெட்டுக்கத்தியால் அவனை வெட்டிக் கொல்கிறார். ஓர் இரவு முழுவதும் கடந்த பிறகும், திடீர்த் தூண்டுதல் என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்றது.

அவருக்கு ஓர் இரவு, நானாவதிக்கு மூன்று மணி நேரம். கடிகாரத்தை மட்டும் பார்த்தால் தீர்ப்பு தலைகீழாகத் தெரியும். வேறுபாடு நடத்தையில் இருக்கிறது. பட்டினி கிடந்தவரின் ஆத்திரம் ஆறவே இல்லை. போதாக்குறைக்கு மறுபடியும் அதே காட்சி கண்முன் வந்தது. அவர் ஆயுதம் தேடி அலையவும் இல்லை. நானாவதியோ ஆயுதத்தைத் தேடிப் போய், காரணம் சொல்லி வாங்கி, ஆளைத் தேடிப் போனார். சட்டம் படிக்கும் மாணவர்கள் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் அந்த விதிவிலக்கு விளங்கிவிடும்.

அகுஜாவின் இடுப்புத் துண்டு ஏன் இவ்வளவு பேசப்படுகிறது?

அகுஜா அப்போதுதான் குளித்துவிட்டு இடுப்பில் துண்டோடு இருந்தார். நானாவதி தரப்புச் சொன்னது இப்படி: “சில்வியாவை மணந்துகொண்டு குழந்தைகளைப் பார்த்துக்கொள்வாயா?” என்று கேட்டதற்கு, “நான் படுக்கும் பெண்களை எல்லாம் மணந்துகொள்ள வேண்டுமா?” என்று பதில் வந்தது. நானாவதி துப்பாக்கி இருந்த உறையை அலமாரிமேல் வைத்துவிட்டு, அடிக்கப் போவதாக மிரட்டினார். அகுஜா உறையைப் பிடுங்கப் பாய்ந்தார். இழுபறியில் துப்பாக்கி தானாக வெடித்தது. ஆக, இது விபத்து.

உடல் கிடந்தபோது துண்டு அவிழாமல் இடுப்பிலேயே இருந்தது. இரண்டு ஆண்கள் துப்பாக்கிக்காக மல்லுக்கட்டியிருந்தால் வெறும் துண்டு நிற்குமா என்று அரசுத் தரப்பு கேட்டது. குளித்துவிட்டு வந்து துண்டை முடிச்சுப் போடாமல் செருகிக்கொள்ளும் எவருக்கும் இந்த வாதத்தின் பலம் உடனே புரியும். கையைச் சற்று வேகமாகத் தூக்கினாலே அது நழுவும். கதவு சாத்தியதற்கும் வெடிச்சத்தத்துக்கும் இடையே சண்டைக்கான நேரமே இல்லை என்பதும் சேர்ந்துகொண்டது. வீதிகளில் ‘அகுஜா துண்டு’ என்றும் ‘நானாவதி ரிவால்வர்’ என்றும் கூவி விற்கும் அளவுக்கு இது ஊர்ப்பேச்சானது.

ஜூரி விடுவித்த பிறகும் தண்டனை எப்படி வந்தது?

படம் தொடாத பகுதி இது. பம்பாய் செஷன்ஸ் நீதிமன்றத்தில் நீதிபதி ஆர்.பி. மேத்தா முன் 1959 செப்டம்பர் 23 அன்று விசாரணை தொடங்கியது. 9 பேர் கொண்ட ஜூரி. அக்டோபர் 21 அன்று 8 பேர் ‘குற்றவாளி இல்லை’ என்றார்கள், ஒருவர் மாறுபட்டார்.

அன்றைய 1898-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 307-ஆவது பிரிவு நீதிபதிக்கு ஒரு வழி வைத்திருந்தது. ஜூரியின் முடிவோடு அவர் உடன்படவில்லை, நீதிக்காக இதை மேலே அனுப்பியே ஆக வேண்டும் என்று தெளிவாகக் கருதினால், வழக்கை உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பலாம். மேத்தா அதைத்தான் செய்தார். உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் ஷேலத், நாயக் இருவரும் சாட்சியங்கள் முழுவதையும் புதிதாக எடைபோட்டார்கள். அரசுக்காக வாதாடியவர் ஒய்.வி. சந்திரசூட், பிற்பாடு இந்தியத் தலைமை நீதிபதி ஆனவர்.

ஜூரிக்கு நீதிபதி தந்த விளக்கத்திலேயே பிழை இருந்தது தெரியவந்தது. கொன்றது தானே என்று ஒருவர் ஒப்புக்கொண்டு, ஆனால் அது விபத்து என்றால், விபத்து என்று காட்டும் பொறுப்பு அவருடையது. அதைக் காட்டும் வரை விதிவிலக்கு எதுவும் இல்லை என்றே நீதிமன்றம் கொள்ள வேண்டும் என்பது சாட்சியச் சட்டத்தின் 105-ஆவது பிரிவு. இதை ஜூரிக்கு எடுத்துச் சொல்லவே இல்லை. எதை யார் நிரூபிக்க வேண்டும் என்று தெரியாமல் 9 பேர் உட்கார்ந்து யோசித்தால் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது. 1960 மார்ச் 11 அன்று கொலைக் குற்றம் உறுதியாகி ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. உச்ச நீதிமன்றமும் அதையே நிலைநிறுத்தியது.

இந்தியாவின் கடைசி ஜூரி வழக்கு இதுதானே?

இல்லை. இணையத்தில் எங்கும் காணப்படும் இந்த வரி தவறானது. ஜூரி முறை வேண்டாம் என்று சட்ட ஆணையம் 1958-ஆம் ஆண்டு அறிக்கையிலேயே, அதாவது கொலைக்கு முந்தைய ஆண்டே, சொல்லிவிட்டது. இந்த வழக்குக்குப் பிறகும் சில இடங்களில் ஜூரிகள் உட்கார்ந்தார்கள். 1974 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில்தான் ஜூரிக்கு இடமே இல்லாமல் போனது. நானாவதி வழக்கு அந்த முறையின் பெயரை மேலும் கெடுத்தது என்று சொல்லலாம், அவ்வளவுதான். பார்சி திருமண நீதிமன்றங்களில் மட்டும் நீதிபதியோடு உட்காரும் சமூகப் பிரதிநிதிகள் இன்னும் இருக்கிறார்கள்.

படத்தில் ருஸ்தம் தானே வாதாடுகிறாரே?

சினிமாவுக்காகச் செய்தது. நானாவதிக்காக வாதாடியவர் கார்ல் கண்டாலாவாலா. எதிர்த்தரப்பில் அரசு வழக்கறிஞர் சி.எம். திரிவேதி. மேமி அகுஜாவின் சார்பில் இளம் வழக்கறிஞர் ராம் ஜெத்மலானி அரசுத் தரப்புக்குத் துணையாக இருந்தார். அவர் பெயர் நாடெங்கும் தெரியவந்தது இந்த வழக்கில்தான்.

ஆளுநர் தலையிட்டார் என்பது என்ன விவகாரம்?

உயர் நீதிமன்றம் ஆயுள் தண்டனை தந்த அதே நாளில் பம்பாய் ஆளுநர் ஸ்ரீ பிரகாசா ஓர் ஆணை போட்டார். உச்ச நீதிமன்ற மேல்முறையீடு முடியும் வரை தண்டனை நிறுத்தம். அதுவரை நானாவதி சிறைக்குப் போகாமல் கடற்படைக் காவலிலேயே இருக்கலாம். (அதற்குமுன் சென்னை மாநிலத்தின் ஆளுநராக இருந்தவர்தான் இந்த ஸ்ரீ பிரகாசா.) கடற்படையும் மேலிடமும் அதிகாரிக்குத் துணை நிற்பதாக எதிர்ப்பு கிளம்பியது. 1960 செப்டம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு, வழக்குத் தன்முன் இருக்கும் காலத்துக்குத் தண்டனையை நிறுத்த ஆளுநருக்கு அதிகாரம் இல்லை என்றது. நானாவதி ஆர்தர் சாலைச் சிறைக்குப் போனார்.

கொலையையும் காதலையும் எல்லோரும் பேசுகிறார்கள். அரசமைப்புச் சட்டம் படிப்பவர்களுக்கு இந்த 1960-ஆம் ஆண்டுத் தீர்ப்பே பெரிது. அதன் பெயர் ‘நானாவதி எதிர் பம்பாய் அரசு’. 1961-ஆம் ஆண்டுக் கொலைத் தீர்ப்பின் பெயர் ‘நானாவதி எதிர் மகாராஷ்டிர அரசு’. 1960 மே 1 அன்று பம்பாய் மாநிலம் பிரிந்து மகாராஷ்டிரம் உருவானது. பெயர்க் குழப்பத்துக்குக் காரணம் அதுவே.

பத்திரிகை உண்மையிலேயே அவ்வளவு செய்ததா?

செய்தது. ‘பிளிட்ஸ்’ நானாவதியை நேர்மையான கணவனாகவும் அகுஜாவைப் பெண்பித்தனாகவும் வாரா வாரம் தீட்டியது. 25 காசு ஏடு 2 ரூபாய்க்கு விற்றதாகச் சொல்வார்கள். பார்சிகள் ஆதரவுக் கூட்டம் நடத்தினார்கள். அகுஜாவின் சிந்தி சமூகம் எதிர்ப்பக்கம் நின்றது. ஆனால் செத்தவர் தன் கதையைச் சொல்ல வர முடியாது. அறைக்குள் பேசியதாகச் சொல்லப்படும் அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டவர்கள் இரண்டே பேர். அவர்களில் ஒருவரின் வாய்மொழிதான் நம்மிடம் இருக்கிறது. படம் விக்ரமை வில்லனாக்கும்போது இந்த ஒருதலைப்பட்சத்தை இன்னும் இறுக்குகிறது.

சில்வியா என்ன சொன்னார்?

கணவருக்காகச் சாட்சி சொன்னார். அகுஜாவுக்கு அவர் எழுதிய கடிதங்கள் நீதிமன்றத்தில் ஆதாரங்களாக வந்தன. அவை காட்டுவது ஏமாந்த பேதையை அல்ல. காதலித்த, மணமுடிக்க விரும்பிய, அகுஜாவின் தயக்கத்தை உணர்ந்து தவித்த ஒரு பெண்ணை. அன்றைய சட்டத்தில் 497-ஆவது பிரிவின்படி தகாத உறவுக்காக ஆண்மீது மட்டுமே கணவன் வழக்குப் போட முடியும், மனைவி குற்றவாளி ஆகமாட்டாள். பெண்ணுக்குச் சுயமான விருப்பம் ஒன்று உண்டு என்று ஏற்காத சட்டம் அது. உச்ச நீதிமன்றம் அதை 2018 செப்டம்பர் 27 அன்று நீக்கியது. படமும் சிந்தியாவின் விருப்பத்தைக் கழித்துவிட்டு அவளைச் சூழ்ச்சியின் பலியாக வைக்கிறது. கடிதங்கள் இருந்தும் அவற்றை வெறும் துப்பாக மட்டும் பயன்படுத்தியது ஒரு காதல் படத்துக்குப் பெரிய இழப்பு.

கடைசியில் நானாவதிக்கு என்ன ஆனது?

1964-இல், விஜயலட்சுமி பண்டிட் மகாராஷ்டிர ஆளுநராக இருந்தபோது, மன்னிப்புக் கிடைத்தது. அதே சமயத்தில் சிந்தி வணிகரும் சுதந்திரப் போராட்டத்தில் ஈடுபட்டவருமான பாய் பிரதாப்புக்கும் மன்னிப்பு வந்தது. இரண்டு சமூகங்களையும் சமன்செய்ய நடந்த ஏற்பாடு அது என்றும், மேமி அகுஜாவின் சம்மதம் எழுத்தில் பெறப்பட்டது என்றும் ஜெத்மலானி பிற்காலத்தில் சொன்னார். நானாவதி, சில்வியா, குழந்தைகள் எல்லோரும் 1968-இல் கனடாவுக்குக் குடிபெயர்ந்தார்கள். சேர்ந்தே வாழ்ந்தார்கள். நானாவதி 2003-இல் இறந்தார்.

1959-ஐப் படம் சரியாகக் காட்டியிருக்கிறதா?

கார்கள், அறைகலன்கள், துணிமணிகளில் உழைப்பு தெரிகிறது. சீருடையில்தான் சறுக்கல். ருஸ்தமின் மார்பில் இருக்கும் நாடாக்களில் கார்கில் போர்க்காலத்துப் பதக்கத்தினுடையதும் இருப்பதைக் கடற்படைக் குடும்பத்தினர் படம் வந்தபோதே சுட்டிக்காட்டினார்கள். அது 40 ஆண்டு கழித்து நடந்த போர். இன்னொன்று மீசை. அக்காலக் கடற்படை விதிப்படி தாடியும் மீசையும் சேர்த்து வைக்கலாம், அல்லது முழுச் சவரம். மீசை மட்டும் என்பதற்கு 1970-களில்தான் வழி பிறந்தது.

இந்தக் காலகட்டத்தில் கதை எழுதுபவர்கள் இதே போன்ற இடங்களில்தான் தவறுவார்கள். 1957 ஏப்ரல் 1 முதல் புழக்கத்தில் இருந்தது ‘நயா பைசா’. ஆனால் பேச்சில் அணாவும் இருந்தது, ஆகவே இரண்டையும் கலந்து பேசவிட வேண்டும். பம்பாயில் 1972 வரை தொலைக்காட்சி ஒளிபரப்பு இல்லை. வீட்டில் வானொலிதான் வைக்க முடியும். மதுவிலக்கு அமலில் இருந்த ஊர் அது, அனுமதிச் சீட்டு வைத்திருப்பவர் மட்டுமே சட்டப்படி குடிக்கலாம். விருந்துக் காட்சியில் பாட்டில்கள் தாராளமாகத் தெரிந்தால் அதற்கு ஒரு விளக்கம் வேண்டும். நீதிமன்றக் காட்சியில் ‘மகாராஷ்டிர அரசு’ என்று 1959-இல் யாரும் சொல்லியிருக்க முடியாது.

இதே வழக்கில் வேறு படங்கள் உண்டா?

இரண்டு முக்கியமானவை. 1963-இல் ஆர்.கே. நய்யார் இயக்கிய ‘யே ராஸ்தே ஹை(ன்) ப்யார் கே’. சுனில் தத், லீலா நாயுடு, ரெஹ்மான் நடிப்பில், ரவி இசையில். வழக்கின் சூடு ஆறுவதற்குள் வந்த படம். நாயகன் கடற்படைக்காரர் அல்ல, விமானி. அசோக் குமாரும் மோதிலாலும் எதிரெதிர் வழக்கறிஞர்களாக மோதும் காட்சிகளுக்காகவே பார்க்கலாம். அடுத்தது 1973-இல் குல்சார் இயக்கத்தில் வினோத் கன்னா நடித்த ‘அசானக்’, கதை கே.ஏ. அப்பாஸ். இதில் நாயகன் ராணுவ மேஜர், பாட்டே கிடையாது. வழக்கிலிருந்து வெகுதூரம் விலகிப் போனாலும், கொன்றவனின் மனதுக்குள் இறங்கிப் பார்த்தது இந்தப் படம்தான். ஒன்றை மட்டும் பார்க்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் பாருங்கள்.

இன்று நடந்தால் எந்தச் சட்டம்?

2024 ஜூலை 1 முதல், இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா. திடீர்த் தூண்டுதல் விதிவிலக்கு இப்போது 101-ஆவது பிரிவில் இருக்கிறது, கொலைக்குத் தண்டனை 103-இல். எண் மாறியதே தவிர, விதிவிலக்கின் பொருள் மாறவில்லை. நானாவதி தீர்ப்பு இன்றும் மேற்கோளாக எடுத்துக்காட்டப்படுகிறது.

தீர்ப்பைப் படிக்க விரும்பினால்?

ஏ.ஐ.ஆர். (ஆல் இந்தியா ரிப்போர்ட்டர் என்ற தீர்ப்புத் தொகுப்பு) 1962 உச்ச நீதிமன்றம் 605 என்ற குறிப்பைக் கொண்டு தேடினால் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். நீளமானது, வரிசையாகப் படிக்கத் தொடங்கினால் 307-ஆவது பிரிவு பற்றிய நடைமுறை விவாதத்திலேயே பலர் சோர்ந்துவிடுகிறார்கள். முதலில் தொடக்கத்தில் உள்ள நிகழ்ச்சிச் சுருக்கத்தைப் படியுங்கள். பிறகு கடைசிப் பகுதிக்குப் போய், தூண்டுதல் பற்றிய விவாதத்தைப் படியுங்கள். போயா முனிகாடு அங்கேதான் வருகிறார். அதன்பின் நடுவில் சாட்சியங்களை அலசும் இடம். சில்வியாவின் கடிதங்களை அங்கே பார்க்கலாம். நடைமுறை விவாதத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம். ஆளுநர் பற்றிய தீர்ப்பு தனி: ஏ.ஐ.ஆர். 1961 உச்ச நீதிமன்றம் 112.